பட்டி உள்ளே போகாது சாரே

ஆண்டிபட்டி, உசிலம்பட்டி பக்கம் பட்டின்னா ஊரு. போடிமெட்டு தாண்டிட்டா பட்டின்னா நாய். இது தெரியாமலே லாங் வீக்கெண்டுக்கு லாங் வீக்கெண்டு மூணாறு பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்காவோட அஞ்சாம் மைல் வாசல்ல ஒரு பஞ்சாயத்து. "பட்டியெ கொண்டுபோகான் பற்றில்லா சாரே"ன்னு வனக் காவலர் சொல்வாரு, நாயைக் கூட்டிட்டுப் போக முடியாதுன்னு அர்த்தம். "நாய்னு சொல்லாதீங்க, இவன் எங்க பையன்"னு நாயோட வந்தவங்க சொல்வாங்க. பையன் முப்பத்தஞ்சு கிலோ லாப்ரடார். பின்னாடி நூறு பேர் வரிசையில நிப்பாங்க.

ஒரே தடவை சொல்லிடுறேன், காதுல வாங்கிக்கோங்க. இரவிகுளம், தேக்கடி, பரம்பிக்குளம், டாப்ஸ்லிப், சின்னாறு எங்கேயும் வளர்ப்பு நாயை உள்ளே விடமாட்டாங்க. கயித்துல கட்டியிருந்தாலும் சரி, கூடையில வெச்சிருந்தாலும் சரி, தடுப்பூசி கார்டை லேமினேட் பண்ணி நீட்டினாலும் சரி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளே போற நீங்களே அனுமதிச் சீட்டுல, நிபந்தனையோட போறீங்க. அங்க நின்னு "எந்த ரூல்ல இருக்கு, காட்டு"ன்னு கத்துறது பஸ் கண்டக்டர்கிட்ட மோட்டார் வாகனச் சட்டம் கேக்குற மாதிரி.

சண்டையைக்கூட பொறுத்துக்கலாம். வயித்தெரிச்சல் அதுக்கப்புறம் ஆரம்பிக்குது. வாதத்துல தோத்ததும் புருஷனும் பொண்டாட்டியும் மூஞ்சியைப் பாத்துக்குவாங்க. "டிக்கெட் வேற எடுத்தாச்சு." "மூணாறு தானே, குளிரா இருக்கு, கார்ல இருக்கட்டும்." ஜன்னலை ரெண்டு விரல் அளவு இறக்கி, சீட்டுல ஒரு கிண்ணத்துல தண்ணி வெச்சு, டோரை லாக் பண்ணிட்டுப் போயிடுவாங்க.

கணக்கு போடுவோம். வெளியில 21 டிகிரி, சட்டையைத் தாண்டிக் குளிர் ஏறுற காலைநேரம். வெயில்ல நிக்கிற மூடின கார்ல பத்து நிமிஷத்துல 32, அரை மணியில 40, ஒரு மணி நேரத்துல 45. ரெண்டு விரல் ஜன்னல் இதுல பெருசா ஒண்ணும் குறைக்காது. வெயில் கண்ணாடி வழியா உள்ளே வந்து சீட்டையும் டாஷ்போர்டையும் சுட வைக்குது, அந்தச் சூடு வெளியே போக வழியில்ல. காத்து குளிரா இருக்குன்னு வெயில் சும்மா இருக்காது. நம்ம கீழ்நாட்டுல, கம்பத்துலயோ குமுளி அடிவாரத்துலயோ வெளியில 32 இருந்தா பத்து நிமிஷத்துல 43, இருபது நிமிஷத்துல 48.

இப்ப நேரக் கணக்கு. அஞ்சாம் மைல்ல வனத்துறை பஸ்ஸுக்கு வரிசை, ராஜமலைக்கு ஏற்றம், இறங்கி ஒரு கிலோமீட்டருக்கு மேல நடை, வரையாட்டோட செல்ஃபி, திரும்பி வர மறுபடி பஸ் வரிசை. கூட்டமில்லாத நாள்லயே ரெண்டு மணி நேரம் போயிடும். நாய்க்கு வேர்க்காது, பாதத்துல லேசாக் கசியுறதோட சரி. நாக்கைத் தொங்கப்போட்டு இரைச்சுத்தான் சூட்டை வெளியே தள்ளணும். மூடின கார்ல அது விடுற மூச்சே காத்தை ஈரமாக்கி, இரைச்சும் பிரயோஜனமில்லாம பண்ணிடும். சாதாரணமா அதோட உடம்பு 101லேருந்து 102.5 ஃபாரன்ஹீட். 105 தாண்டினா ஆபத்து. பக், ஷிட்ஸு மாதிரி சப்பை மூக்கு நாய்னா இன்னும் சீக்கிரம். அந்தக் கிண்ணத் தண்ணி முதல் அஞ்சு நிமிஷத்துலயே கவிழ்ந்திருக்கும்.

"நாய்க்குக்கூட உரிமை இல்லையா"ன்னு வாசல்ல கேட்ட அதே ஆள்தான் இதைச் செய்யுறாரு.

அப்புறம் வெளிநாட்டு வீடியோ ஆதாரம். "அமெரிக்கா நேஷனல் பார்க்ல எல்லாம் விடுறாங்களே!" முழுசா பாருங்க சார். அங்கேயும் ஆறடிக் கயித்துல, பெரும்பாலும் பார்க்கிங், கேம்ப் கிரவுண்டு, ரோட்டோரம் வரைக்கும்தான். யெல்லோஸ்டோன்ல ரோட்டை விட்டு நூறடி தாண்டி நாய் போகக்கூடாது, நடைபாதையில காலே வைக்கக்கூடாது.

"தடுப்பூசி போட்ட நாய், என்ன பண்ணிடும்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆகணும். பல நோய்க்குச் சேர்த்துப் போடுற செவன் இன் ஒன் ஊசி உங்க நாயைக் காப்பாத்தும். அதோட மேல ஒட்டியிருக்கிற உண்ணியை ஒண்ணும் பண்ணாது. வழியில வேற நாய் இருந்துட்டுப்போன இடத்தை மிதிச்சு வந்த பாதத்துல இருக்கிற பார்வோங்கிற வைரஸையும் ஒண்ணும் பண்ணாது. அந்தக் கிருமி மண்ணுல மாசக்கணக்குல உயிரோட இருக்கும். ஆனைமலையிலயும் பெரியாறுலயும் இருக்கிற செந்நாய், நம்ம நாய்க்கு உறவு. நாய்க்கு வர்ற டிஸ்டெம்பர்ங்கிற வைரஸ் வியாதி, பார்வோ, வெறி மூணும் அதுக்கும் வரும், ஊசி போட ஆள்தான் வராது. டிஸ்டெம்பர் பூனை இனத்தையும் விடாது. 1994ல ஆப்பிரிக்காவுல செரங்கெட்டி சிங்கத்துல மூணுல ஒரு பங்கு, கிட்டத்தட்ட ஆயிரம், அதுலதான் செத்துச்சு. சுத்து வட்டாரத்து வளர்ப்பு நாய்கிட்டேருந்து வந்த வியாதின்னு கண்டுபிடிச்சாங்க. 2018ல குஜராத் கிர் காட்டுல இருபதுக்கு மேல சிங்கம் போச்சு, அங்கேயும் இதே வைரஸ் இருந்துச்சு.

வரையாடு ஆளுங்களைப் பாத்துப் பழகினது. உங்க கைக்கெட்டுற தூரத்துல புல்லு மேயும். ஆனா அதை வேட்டையாடுறது செந்நாய். கோல்டன் ரெட்ரீவருக்கும் செந்நாய்க்கும் வித்தியாசம் பாத்துட்டு அது நிக்காது. ஓடும், பாறைச் சரிவுல குட்டியோட ஓடும். குட்டி போடுற நேரம்னு பிப்ரவரி, மார்ச்சுல மனுஷனுக்கே கேட்டைச் சாத்துறாங்க.

யானைக் கதை தனி. நாய் யானையைப் பாத்தா முதல்ல குரைக்கும். யானை காதை விரிச்சு ஒரு அடி முன்னாடி வெச்சதும் நாய் எங்க ஓடும்? நேரா உங்க காலுக்குத்தான். யானையும் பின்னாடியே.

"எஸ்டேட் நாய் உள்ளே சுத்துதே"ங்கிறாங்க. சுத்துது, உண்மை. எஸ்டேட் தொழிலாளர் இருக்கிற லயன் வீட்டு நாய்க்கெல்லாம் கருத்தடையும் ஊசியும் ஒழுங்கா நடக்கல, அதைக் கேக்க வேண்டியதுதான். அதுக்காக உங்க நாயையும் சேர்த்து விடணுமா?

வனத்துறைக்காரங்க மேலயும் தப்பு இருக்கு. ஆன்லைன்ல டிக்கெட் போடும்போது "நாய் இருக்கா?"ன்னு ஒரு கட்டம், கண்ணுல அடிக்கிற மாதிரி சிவப்பு எழுத்துல ஒரு வரி, அடிவாரச் செக்போஸ்ட்லயே தமிழ்லயும் மலையாளத்துலயும் ஒரு போர்டு. இது மூணும் எல்லா இடத்துலயும் இருந்தா பாதி சண்டை மலை ஏறாது. "பெட் ஃப்ரெண்ட்லி"ன்னு போட்டுக் காசு வாங்குற தங்கும் விடுதிக்காரங்க அதுக்கும் மேல. ரூம்ல நாயைத் தனியா விட்டுட்டுப் போகலாமான்னு கேட்டா "அது முடியாது சார்"ங்கிறாங்க. அப்ப நீங்க பார்க்குக்குப் போற நேரத்துல அது எங்க இருக்கும்? கார்ல! புக் பண்றதுக்கு முன்னாடி போன்ல கேளுங்க. பகல்ல ரூம்ல விடலாமா, பாத்துக்க ஆள் உண்டா, காம்பவுண்டு சுவர் எவ்வளவு உயரம். வால்பாறைப் பக்கம்னா கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். சிறுத்தைக்கு நாய் நல்ல சாப்பாடு. இருட்டுறதுக்கு முன்னாடியே வெளியே போறதை முடிச்சிட்டு உள்ளே கூட்டிக்கோங்க. ராத்திரி வராந்தாவுல கட்டிப் போடுறது இலை போட்டுப் பரிமாறுற மாதிரி.

சரி, கூட்டிட்டுத்தான் வந்துட்டீங்க. ரெண்டு பெரியவங்க இருந்தா மாத்தி மாத்திப் போங்க. ஒருத்தர் கீழே டீக்கடையில நாயோட, ஒருத்தர் மேலே. டிக்கெட்டை வேற வேற நேரத்துக்குப் போடுங்க. தனியா வந்தா பார்க்கை விடுங்க, வேற வழியில்ல. இல்லன்னா தேனி, உடுமலை, பொள்ளாச்சியிலேயே நாயைப் பாத்துக்கிற போர்டிங்ல விட்டுட்டு வாங்க. ஆனா பூஜை லீவுக்கு முந்தின நாள் போன் பண்ணினா இடம் கிடைக்காது. ஊசி கார்டு கேப்பாங்க. புது ஊசி போட்டு வேலை செய்ய ரெண்டு வாரமாவது ஆகும், அதனால மூணு வாரம் முன்னாடியே பாருங்க. பயணத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரி மட்டும் விட்டுப் பாத்துட்டா அது அங்க சாப்பிடுதா இல்லையான்னு தெரிஞ்சிடும்.

ஆழியார்லேருந்து வால்பாறைக்கு நாப்பது கொண்டை ஊசி. கிளம்புறதுக்கு நாலு மணி நேரம் முன்னாடி சாப்பாட்டை நிறுத்துங்க, தண்ணி மட்டும் கொஞ்சம் கொஞ்சமா. உடுமலை–மூணாறு ரோடு மாதிரி காட்டு வழின்னா ஒண்ணுக்கு விடுறதை அடிவாரத்துலயே முடிச்சிடுங்க, நடுவுல இறக்கவே வேணாம். செக்போஸ்ட்ல நாய் இருக்குன்னு நீங்களே முதல்ல சொல்லுங்க. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் வெச்சிருக்கிறவங்களுக்குத் தனியா ஒண்ணு. தலை ஒல்லி, கழுத்து தடிமன். சாதாரண பட்டை ஒரு இழுப்புல உருவிக்கும். அதுங்க கண்ணுல பட்டதைத் துரத்துற வேட்டை ஜாதி. மார்போட மாட்டுற ஹார்னெஸ் போடுங்க, நீளுற கயிறு வேணாம்.

பார்க்கிங்ல பூட்டின கார்ல நாயைப் பாத்தா "பாவம்"னு போட்டோ எடுத்துட்டுப் போகாதீங்க. வண்டி நம்பரை டிக்கெட் கவுண்டர்ல குடுத்து மைக்ல கூப்பிடச் சொல்லுங்க. எச்சில் கயிறு மாதிரி வழியுது, நாக்கு கருஞ்சிவப்பா இருக்கு, நிக்க முடியாம தள்ளாடுதுன்னா நேரமே இல்ல, வனக் காவலரைக் கூப்பிட்டு டோரைத் திறக்க வைங்க. நிழல்ல போட்டு சாதாரண தண்ணியை வயிறு, தொடை இடுக்கு, பாதம்னு ஊத்திக்கிட்டே இருங்க, விசிறி விடுங்க. ஈரத் துண்டைப் போர்த்தி வெச்சா சூடு உள்ளேயே நிக்கும். வாயில வலுக்கட்டாயமா தண்ணி ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும். எழுந்து வாலாட்டினாலும் டாக்டர்கிட்டே கொண்டு போங்க, உள்ளே கிட்னி அடி வாங்கியிருக்கிறது ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரியும்.