சாஃப் கோப்பை அக்கம்பக்கத்துக்கே இருக்கட்டும்

தெற்காசிய நாடுகளின் கால்பந்துப் போட்டியான சாஃப் கோப்பையில் இந்தியா ஆடும்போதெல்லாம் என் நண்பர் ஒருவர் தவறாமல் ஒரு வரி சொல்வார்: "நேபாளத்தையும் பூட்டானையும் ஜெயிச்சதுக்கு எதுக்குப்பா இவ்வளவு கொண்டாட்டம்?" போன வாரம் பேச்சு வேறெங்கோ போய், கடைசியில் இந்த வரியில் வந்து நின்றது. அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அது நீண்டுகொண்டே போனதால் இங்கேயே போட்டுவிடுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1993ல் லாகூரில் தொடங்கி 2023 வரை 14 முறை இந்தப் போட்டி நடந்திருக்கிறது. இந்தியா 9 முறை ஜெயித்திருக்கிறது, சரி. மீதி 5? 1995ல் கொழும்பில் இலங்கை, 2003ல் டாக்காவில் வங்கதேசம், 2008லும் 2018லும் மாலத்தீவு, 2013ல் ஆப்கானிஸ்தான். இந்த ஐந்தில் நான்கு முறை ஃபைனலில் தோற்றது இந்தியாதான். இன்னொரு முறை, அதாவது 2003ல், செமி ஃபைனலிலேயே வங்கதேசம் நம்மை கோல்டன் கோல் (எக்ஸ்ட்ரா டைமில் முதல் கோல் விழுந்ததுமே ஆட்டம் முடிந்துவிடும்) போட்டு வெளியே அனுப்பியது. கேட்டாலே கிடைத்துவிடுகிற கோப்பையாக இருந்தால் இத்தனை முறை கைநழுவிப் போயிருக்குமா?

2018 கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இந்தப் போட்டி மேல் பிடிப்பு வந்ததே அங்கேதான். டாக்காவில் நடந்தது. மாலத்தீவு லீக் சுற்றில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. இலங்கையோடு 0-0, இந்தியாவோடு 0-2. இலங்கைக்கும் அதே புள்ளி, அதே கோல் கணக்கு. யார் செமி ஃபைனலுக்குப் போவது என்று நாணயத்தைச் சுண்டிப் பார்த்துதான் முடிவு செய்தார்கள். தலையா பூவா! அதில் தப்பித்த அணி, செமி ஃபைனலில் நேபாளத்தை 3-0 என்று அடித்துவிட்டு, ஃபைனலில் இந்தியாவை 2-1 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. அந்த முறை இந்தியா அனுப்பியது 23 வயதுக்கு உட்பட்ட அணியைத்தான் என்று உடனே சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பெரிய அணியை ஏன் அனுப்பவில்லை என்றுதான் நான் கேட்பேன். சின்னக் கோப்பை என்கிற எண்ணம் என் நண்பருக்கு மட்டும் இல்லை.

மாலத்தீவின் மக்கள்தொகை ஐந்து லட்சத்துச் சொச்சம். அந்த ஊரிலிருந்து அலி அஷ்ஃபாக் என்று ஒருவர் வந்தார். 2013 போட்டியில் மட்டும் 10 கோல், அதில் ஆறு இலங்கைக்கு எதிராக ஒரே ஆட்டத்தில். உலகக் கோப்பைப் பக்கம் எட்டிப் பார்க்கவே வாய்ப்பில்லாத ஒரு தீவுக்காரர் தன் திறமையை இப்படி வேறு எந்த மேடையில் காட்டியிருக்க முடியும்? அவர் ஊர்ப் பையன்களுக்கு இது சின்னப் போட்டியே இல்லை.

இப்போது என் மனக்குறைக்கு வருகிறேன். 2023ல் பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியத்தில் இந்தியா-குவைத் ஃபைனலைப் பார்க்க ராத்திரி ரயிலேறிப் போனேன். ஆட்டம் அருமை. குவைத் முதலில் கோல் போட்டது, நம் சாங்டே சமன் செய்தார். எக்ஸ்ட்ரா டைமிலும் 1-1. பெனால்டியில் ஐந்தைந்து உதை முடிந்தபோதும் 4-4. அடுத்து நம் மகேஷ் போட்டார். குவைத் கேப்டன் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தபோது என் பக்கத்து சீட்டுக்காரர், முன்பின் தெரியாதவர், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நம் கோல்கீப்பர் குர்ப்ரீத் தடுத்த பிறகுதான் விட்டார். சிவந்து போயிருந்தது. அந்த ராத்திரியை நான் மறக்கப் போவதில்லை.

ஆனால் திரும்பி வரும்போது ஒன்று உறுத்தியது. தெற்காசியக் கோப்பையின் ஃபைனலில் இந்தியாவைத் தவிர தெற்காசியாவே இல்லை. குவைத்தையும் லெபனானையும் விருந்தினராக அழைத்திருந்தார்கள். தரம் உயரும் என்பது காரணம். அதன் விலையை யார் கொடுத்தது? செமி ஃபைனலில் வங்கதேசம் குவைத்தை 90 நிமிடம் கோல் போடவிடாமல் நிறுத்திவைத்து, எக்ஸ்ட்ரா டைமில் ஒரே கோலில் தோற்றது. 2005க்குப் பிறகு அவர்கள் ஃபைனலையே பார்த்ததில்லை. பலமான அணியோடு மோத வேண்டுமானால் நட்பு ஆட்டம் ஆடலாம், அழைப்புப் போட்டி நடத்தலாம், எத்தனையோ வழி இருக்கிறது. அக்கம்பக்கத்தாரோடு ஆட இருப்பது இந்த ஒரு கோப்பைதான். அதில் அவர்கள் இடத்தை எடுத்து வெளியாருக்குக் கொடுக்காதீர்கள்.

தொடர்ந்து ஒருவரோடு ஒருவர் மோதினால் என்ன ஆகும் என்பதற்குப் பெண்கள் சாஃப் போட்டியைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2010ல் தொடங்கி முதல் ஐந்து முறையும் இந்தியாதான் சாம்பியன். 2016 ஃபைனலில் சிலிகுரியில் வங்கதேசத்தை 3-1 என்று ஜெயித்தோம். அதே வங்கதேசம் 2022ல் லீக் சுற்றில் நம்மை 3-0 என்று அடித்தது. ஃபைனலில் நேபாளத்தை, அதுவும் காத்மாண்டுவில் அவர்கள் கூட்டத்துக்கு முன்னாலேயே, 3-1 என்று ஜெயித்தது.

அந்த ஃபைனலுக்கு முன்னால் சஞ்சிதா அக்தர் என்ற வங்கதேச வீராங்கனை முகநூலில் ஒரு பதிவு போட்டார். திறந்த பஸ்ஸில் ஊர்வலம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, எங்களைக் கேலி செய்த சமூகத்துக்காக ஜெயிக்க வேண்டும் என்கிற மாதிரி. அதைப் படித்த ஊர் சும்மா இருக்கவில்லை. அரசு போக்குவரத்துக் கழகத்தின் டபுள் டெக்கர் பஸ் ஒன்றின் கூரையை அறுத்தெடுத்து, பெயின்ட் அடித்து, ஏர்போர்ட் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். டாக்கா சாலையில் அந்தப் பெண்கள் கோப்பையோடு நின்றுகொண்டு போன வீடியோவை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று தெரியாது. 2024லும் அவர்களே ஜெயித்தார்கள். 2025ல் மியான்மரை அதன் ஊரிலேயே தோற்கடித்து முதல்முறையாக ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். ஏணியின் முதல் படி இந்த "சின்ன" கோப்பைதான்.

அப்புறம், நடத்துகிற லட்சணம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று பேர். 1999க்கு அப்புறம் 2003, 2015க்கு அப்புறம் 2018, பிறகு 2021. 2025ல் நடக்க வேண்டியதும் தள்ளிப்போனது. 2023ல் பாகிஸ்தான் அணி விசா தாமதத்தால் இந்தியாவோடு மோத வேண்டிய நாளன்றுதான் பெங்களூர் வந்து சேர்ந்தது. சாயங்காலம் ஆட்டம். நாம் 4-0 என்று ஜெயித்தோம், நம் கேப்டன் சேத்ரி ஹாட்ரிக். ஆனால் நன்றாகத் தூங்கி எழுந்த அணியை ஜெயித்திருந்தால் என் சந்தோஷம் இன்னும் முழுசாக இருந்திருக்கும்.

ஒரே ஊரில் எல்லாரையும் கூட்டி இரண்டு வாரத்தில் முடிப்பதைவிட, உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்று பிரித்து நடத்தலாம் என்பது என் விருப்பம். ஆண்கள் சாஃப் கோப்பையின் ஓர் ஆட்டம்கூட இதுவரை திம்புவில் நடந்ததில்லை. அந்த மலைக்காற்றில் மூச்சு வாங்க ஓடிப் பார்த்தால்தான் பூட்டானை ஜெயிப்பது லேசா இல்லையா என்று நமக்குத் தெரியும். நம் சென்னையிலும் நடந்ததில்லை. கோவா, டெல்லி, திருவனந்தபுரம், பெங்களூர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கொழும்பிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாத ஊர் நம்முடையது.

நேரு ஸ்டேடியத்தில் என்றைக்காவது ஒரு சாஃப் ஆட்டம் போட்டார்கள் என்றால், டிக்கெட் விற்க ஆரம்பிக்கும் அன்றே இரண்டு எடுத்துவிடுவேன். ஒன்று எனக்கு, இன்னொன்று அந்த நண்பருக்கு. கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கிற கேலரியில்.