இன்னொரு தலைமைப் பண்புப் பட்டறையாம்

அந்தப் பட்டறைப் படத்தை மூன்று நாளாக ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். ஒரே நிற டி-ஷர்ட், கையில் சான்றிதழ், நடுவில் பூங்கொத்தோடு தலைவர். விளையாட்டுத் துறைப் பெண்களுக்குத் தலைமைப் பண்பு சொல்லிக்கொடுத்தார்களாம். அடுத்த வாரமே வந்த நியமனப் பட்டியலையும் பார்த்தீர்கள்தானே? தலைமைப் பயிற்சியாளர் வரிசையில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. டி-ஷர்ட் போட்டவர்களுக்குக் கிடைத்தது அணி மேலாளர் பதவி. பெட்டி எண்ணுவது, அறைச் சாவி பிரித்துக் கொடுப்பது, யாருக்குக் காய்ச்சல் என்று பார்ப்பது.

‘ஒரு வாழ்த்துகூடச் சொல்லமாட்டீர்களா’ என்று கேட்டவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. சொல்ல மனம் வரவில்லை.

தலைமை என்பது முடிவெடுப்பது, அதன் பலனைச் சுமப்பது, மறுவாரம் திரும்பவும் முடிவெடுப்பது. இந்தப் பழக்கம் முடிவெடுக்கும் உரிமை கையில் இருந்தால்தான் வரும். ஏட்டுச் சுரைக்காயைப் பரிமாறிவிட்டு, ‘வயிறு நிறைந்ததா’ என்று கருத்துப் படிவம் வேறு நீட்டுகிறார்கள்.

நடுவர்களை எப்படி வளர்க்கிறார்கள் என்று பாருங்கள். முதல் ஆட்டத்திலேயே விசில் அவர் கையில். மதிப்பீட்டாளர் மேலே உட்கார்ந்து குறித்துக்கொள்வார். நடுவில் மைதானத்துக்குள் இறங்கி வந்து முடிவை மாற்றமாட்டார். பேச்செல்லாம் ஆட்டம் முடிந்த பிறகு. கால்பந்து நடுவர் ஸ்டெஃபனி ஃப்ரப்பார் 2014-ல் பிரான்ஸின் இரண்டாம் நிலை ஆண்கள் லீகுக்கு வந்தார். 2019-ல் முதல் நிலை லீக், அதே ஆண்டு ஆகஸ்டில் ஐரோப்பிய சூப்பர் கோப்பை. 2022 டிசம்பர் 1 அன்று ஆண்கள் உலகக்கோப்பையில் ஜெர்மனி – கோஸ்டா ரிகா ஆட்டம். ஒவ்வொரு படியிலும் நிஜ ஆட்டம், நிஜத் தவறு, நிஜ மதிப்பெண்.

உதவிப் பயிற்சியாளராக இருக்கும் பெண்ணுக்கும் இதையே செய்யலாம். பெரிய செலவில்லை. முதல் நான்கு வாரம் தினசரிப் பயிற்சியில் 20 நிமிடம் முழுக்க அவருடையது. திட்டம் அவருடையது, நிறுத்தித் திருத்துவதும் அவர்தான். அடுத்த நான்கு வாரம், வாரத்தில் ஒரு நாள் முழுப் பயிற்சியும் அவர் கையில். பிறகு ஒரு பயிற்சி ஆட்டம். அதன்பின் புள்ளிக் கணக்குள்ள நிஜ லீக் ஆட்டம். அன்று தலைமைப் பயிற்சியாளர் கேலரியில் உட்கார வேண்டும், பெஞ்சில் கூடாது. பெஞ்சில் இருந்தால் ஆட்டக்காரர்களின் கண் தானாக அவர் பக்கம் போகும்.

எங்கே கெடும் தெரியுமா? ‘இல்லம்மா, அப்படி இல்ல’ என்று ஓரத்திலிருந்து ஒரே ஒரு வார்த்தை. நான்கு வார வேலை அந்த இடத்திலேயே போச்சு. இடைவேளையில் செல்போனில் அனுப்பும் ‘சும்மா ஒரு யோசனை’யும் அதே ரகம்தான். சொல்ல வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் அரை மணி நேரம் உட்காருங்கள். முதலில் அவர் பேசட்டும்: என்ன பார்த்தார், என்ன முடிவெடுத்தார், கையில் வேறு என்ன வழி இருந்தது. உங்கள் முறை அப்புறம்.

கசப்பான வேலையையும் கொடுங்கள். ஒருவரை அணியிலிருந்து நீக்கியதை அவரிடமே சொல்வது. பட்டியல் ஒட்டுவதற்கு முன்னால், தனியாக, பத்து நிமிடத்துக்குள்: முடிவு இது, காரணம் இது, திரும்பி வர என்ன செய்ய வேண்டும். ‘நான் எடுத்த முடிவு இல்லை’ என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் அன்றிலிருந்து அவர் வெறும் தூதுவர். ஆனால் பெண் பயிற்சியாளரைப் பெரும்பாலும் அழுதுகொண்டு வெளியே வரும் பிள்ளையைத் தேற்றத்தான் நிறுத்துகிறார்கள். நீக்கும் அதிகாரம் ஒருவருக்கு, கண்ணீர் துடைப்பது இன்னொருவருக்கு. நல்ல பங்கீடு!

பட்ஜெட்டும் அப்படித்தான். பயணம், தங்கல், மருத்துவம், உபகரணம், தினப்படி என்று ஒவ்வொரு வரியும் அவருக்குத் தெரிய வேண்டும். ஏதாவது ஒரு வரியிலாவது கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டும். பணம் எங்கே போகிறது என்று தெரியாத ஒருவரிடம் நிர்வாகக் குழுவில் யாரும் எதற்கும் கருத்துக் கேட்கமாட்டார்கள்.

கூட்டத்தில் மினிட்ஸ், அதாவது நடவடிக்கைக் குறிப்பு, எழுதுவது யார்? கேட்கவே வேண்டாம், பெண்தான். எழுதுகிறவரால் வாதாட முடியாது, குனிந்த தலையோடு கூட்டம் முடிந்துவிடும். முறை வைத்து எழுதுங்கள், தலைவர் உட்பட. டோக்கியோ ஒலிம்பிக் அமைப்புக் குழுத் தலைவர் யோஷிரோ மோரி, பெண்கள் அதிகம் இருந்தால் கூட்டம் நீளும் என்று 2021 பிப்ரவரியில் பேசிப் பதவி விலகினார். அவராவது வாய்விட்டுச் சொன்னார். நம் ஆட்கள் பேனாவைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

இனி வழக்கமான கேள்விகள் வரும். வரட்டும்.

‘தகுதிதானே முக்கியம்?’ ஆமாம் ஐயா, முக்கியம். அமெரிக்க பேஸ்பாலில் கிம் எங் 1990-ல் சிகாகோ வைட் சாக்ஸ் அணி அலுவலகத்தில் இன்டர்னாகச் சேர்ந்தார். 1995-ல் ஒரு வீரரின் சம்பள வழக்கில் அணிக்காக வாதாடி ஜெயித்தார். 1998-ல் யாங்கீஸ் அணியின் துணைப் பொது மேலாளர், பிறகு டாட்ஜர்ஸில் அதே பதவி. அணிக்கு யாரை எடுப்பது என்று தீர்மானிக்கும் பொது மேலாளர் பதவிக்கு அணி அணியாகப் போய் நேர்காணல் கொடுத்தார். கிடைத்தது 2020 நவம்பரில். முப்பது வருடம்! அவரிடம் இல்லாத தகுதி என்ன என்று தெரிந்தவர்கள் கமெண்டில் எழுதுங்கள். கால்பந்தில் சரீனா வீக்மானை நெதர்லாந்து பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக்கியது 2017 ஜனவரியில். ஆகஸ்டில் ஐரோப்பியக் கோப்பை. பிறகு இங்கிலாந்துக்கு 2022-லும் 2025-லும் அதே கோப்பை. அவர் அதற்கு முன்பே அதே அணியின் உதவிப் பயிற்சியாளர், இடையில் தற்காலிகப் பொறுப்பையும் பார்த்தவர். பொறுப்பில் இருந்து பழகியவருக்குப் பொறுப்பு வந்தது.

‘பெண்கள் விண்ணப்பிப்பதே இல்லையே?’ பயிற்சியாளர் உரிமத்துக்கான படிப்பை வாரக்கணக்கில் தங்கிப் படிக்கச் சொன்னால் கைக்குழந்தைக்காரி எப்படி வருவாள்? வார இறுதிகளாகப் பிரியுங்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள உடன் வருபவருக்கும் அறைச் செலவு என்று ஒரு வரி போடுங்கள், அப்புறம் கேளுங்கள். விளம்பரத்தில் ‘உயர்நிலை அணியில் பத்தாண்டு தலைமை அனுபவம்’ என்று எழுதிவிட்டு, அந்த அனுபவத்தை யாருக்குக் கொடுத்தீர்கள் என்பதையும் பாருங்கள்.

‘ஆண்களுக்கு மட்டும் யார் சொல்லிக்கொடுத்தார்கள்?’ யாரும் இல்லை. அணியைக் கொடுத்தார்கள், கற்றுக்கொண்டார்கள். நானும் அதைத்தானே கேட்கிறேன்.

‘அப்போ பட்டறையே வேண்டாமா?’ வேண்டும். ஊடகத்தோடு பேசுவது, ஒப்பந்தம் படிப்பது, புகார் வந்தால் யாரிடம் எப்படிக் கொண்டுபோவது, இதெல்லாம் வகுப்பில் கற்கலாம். இந்த இடத்தில் என் கோபம் கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘தன்னம்பிக்கையோடு நிமிர்ந்து நில்லுங்கள்’ என்று ஒரு மணி நேரம் எடுத்தார்களே, அதை மன்னிக்க முடியவில்லை. பத்து வருடம் மைதானத்தில் நின்றவர்களுக்கு நிற்கக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

டோக்கியோ ஒலிம்பிக்குக்கு வந்த பயிற்சியாளர்களில் பெண்கள் 13 சதவீதம். பாரிஸில் ஆட்டக்காரர்களுக்கான இடத்தைச் சரிபாதியாகப் பிரித்தாயிற்று. ஓடுவதற்குச் சரிபாதி, ஓடச் சொல்வதற்கு? சர்வதேச ஒலிம்பிக் குழு தொடங்கியது 1894-ல், முதல் பெண் உறுப்பினர்கள் வந்தது 1981-ல். ஜிம்பாப்வேயின் முன்னாள் நீச்சல் வீராங்கனை கர்ஸ்டி கோவென்ட்ரி அதன் தலைவராகத் தேர்வானது 2025 மார்ச்சில். அவரும் பட்டறைச் சான்றிதழோடு வரவில்லை. ஆட்டக்காரர் ஆணையத் தலைமை, அமைச்சர் பதவி, பிரிஸ்பேன் 2032-க்கான ஒருங்கிணைப்புக் குழு என்று கையில் பொறுப்போடு வந்தவர்.

இன்னொன்றும் நடக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பருவத்தின் பாதியில், தோற்றுத் தோற்றுக் கடைசி இடத்தில் கிடக்கும் அணியை ஒரு பெண்ணிடம் கொடுப்பார்கள். இருப்பதே ஆறு ஆட்டம், வீரர்களை மாற்றும் காலமும் முடிந்திருக்கும். அவரும் தோற்பார். ‘பெண்ணைப் போட்டும் பார்த்தாச்சு’ என்பார்கள். பொறுப்பை ஏற்கும் முன் அந்தத் தோழி குறைந்தது இரண்டு பருவத்துக்கு ஒப்பந்தம் கேட்க வேண்டும், உதவியாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கேட்க வேண்டும், இரண்டையும் எழுத்தில் வாங்க வேண்டும். கேட்டால் ‘திமிர்’ என்பார்கள், பரவாயில்லை.

வரும் வாரம் நிர்வாகக் குழு கூடுகிறதாம். உள்ளே போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அன்று மினிட்ஸ் எழுதியது யார் என்று மட்டும் வந்து சொல்லுங்கள்.