டியான்டை உள்ளே விட இன்னும் என்ன கேடு?

2024 அக்டோபர் 8 அன்று பேஸ்பாலில் பிட்சராக, அதாவது பந்து வீசுபவராக இருந்த லூயிஸ் டியான்ட் தன் 83ஆவது வயதில் இறந்துபோனார். சரியாக இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 8ஆம் தேதி, பதினாறு பேர் கொண்ட குழு ஒன்று டல்லாஸில் கூடி தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கான பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்க்கலாமா என்று ஓட்டுப் போட்டது. சேர்க்க 12 ஓட்டு வேண்டும். டியான்டுக்குக் கிடைத்தது ஐந்துக்கும் குறைவு. நான்கா, இரண்டா, பூஜ்யமா? அதைக்கூடச் சொல்ல மாட்டார்களாம். "ஐந்துக்கும் குறைவு" என்று ஐந்து பேரை ஒரே மூட்டையில் கட்டி ஓரமாக வைத்துவிட்டார்கள்.

எனக்கு வயிறு எரிகிறது. யாரிடம் பேசினாலும் அதே பதில்தான் வருகிறது: "நல்ல பிட்சர்தான், ஆனா ஹால் ஆஃப் ஃபேம் அளவுக்கு இல்லையே!" அந்த அளவை யார் வைத்தது? எங்கே வைத்தது? சரி, அவர்கள் அளவுகோலையே எடுத்து அளப்போம்.

அதே காலத்துப் பிட்சர் கேட்ஃபிஷ் ஹன்டர் 1987இல் உள்ளே போனார். 224 வெற்றி, 166 தோல்வி, இஆர்ஏ 3.26. அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் கணக்கில் விழுந்த ரன் 3.26. டியான்ட்? 229 வெற்றி, 172 தோல்வி, 3.30. கிட்டத்தட்ட ஒரே ஆள். எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் தானே வீசி முடித்த ஷட்அவுட் ஹன்டருக்கு 42, டியான்டுக்கு 49. மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்கிய ஸ்ட்ரைக்அவுட் ஹன்டருக்கு 2012, டியான்டுக்கு 2416. இதில் ஹன்டர் தன் நல்ல காலத்தில் வீசியது ஓக்லண்டில். பக்கவாட்டில் பரந்து கிடக்கும் மைதானம், பேட்டர் தூக்கி அடித்த பந்து கோட்டுக்கு வெளியே போனாலும் ஓடிப்போய்ப் பிடித்து அவுட் ஆக்கலாம். டியான்ட் வீசியது பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில். இடதுபக்கம் கைக்கெட்டும் தூரத்தில் 37 அடி உயரப் பச்சைச் சுவர் நிற்கும், சாதாரணமாகத் தூக்கி அடித்தாலே அதில் பட்டு ரன் ஆகிவிடும். மைதானத்தையும் காலத்தையும் சரிக்கட்டிப் பார்க்கும் கணக்கில் 100 என்பது சராசரி. ஹன்டர் 104, டியான்ட் 114.

ஹன்டர் தகுதியில்லாதவர் என்று நான் சொல்லவில்லை. 1971 முதல் 1975 வரை ஐந்து வருஷமும் இருபது வெற்றிக்குக் குறையாமல் எடுத்தவர், சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரை ஐந்து முறை வென்ற அணிகளில் இருந்தவர், வருஷத்தின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியவர். இருக்கட்டும். ஆனால் அவருக்குத் திறந்த கதவு இவருக்கு மட்டும் ஏன் மூடிக்கொண்டது? 224 வெற்றியும் 184 தோல்வியுமாக ஜிம் பன்னிங் 1996இல் போனார். 3.90 இஆர்ஏ வைத்திருந்த ஜாக் மோரிஸ் 2018இல் போனார். 3.90! டியான்ட் மட்டும் வாசலிலேயே நிற்க வேண்டும்.

நடந்தது என்னவென்றால், ஆள் மோசமில்லை, நேரம்தான் மோசம். குழுவுக்கு வருவதற்கு முன் ஓட்டுப் போடுவது பத்திரிகையாளர்கள். முதல்முறை 1988இல் பெயர் வந்தபோது அவர்களில் 30.9 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். தேவை 75 என்றாலும் முதல் வருஷத்துக்கு அது நல்ல தொடக்கம். மறுவருஷம் கேலார்ட் பெரி, ஃபெர்குசன் ஜென்கின்ஸ் பெயர்கள் பட்டியலில் வந்தன. டியான்ட் 10.5க்கு விழுந்தார். அப்புறம் சீவர், கார்ல்டன், நீக்ரோ, சட்டன், நோலன் ரயன் என்று முந்நூறு வெற்றிக்காரர்களாக வரிசையில் வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் வைத்தால் யார்தான் குள்ளமாகத் தெரியமாட்டார்கள்? பட்டியலில் இருந்த பதினைந்து வருஷமும் அப்படியே கழிந்தது. ஒரு வருஷத்தில் 30.9 சதவீதம் 10.5 ஆனதே, அந்த இடைவெளியில் டியான்ட் ஒரு பந்துகூட வீசவில்லை! வீசி முடித்து ஓய்வெடுத்து ஏழாவது வருஷம் அது.

வெறும் எண்ணை வைத்தே பேசுகிறவர்களிடம் 1968ஐப் பற்றிக் கேட்க வேண்டும். கிளீவ்லாண்டுக்காக 21 வெற்றி, இஆர்ஏ 1.60, ஒன்பது ஷட்அவுட், அதில் நான்கு அடுத்தடுத்து. ஜூலை 3 அன்று மினசோட்டாவுக்கு எதிராகப் பத்து இன்னிங்ஸ் வீசி 19 ஸ்ட்ரைக்அவுட். அந்த வருஷம் மேஜர் லீகின் இரு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீகிலேயே குறைந்த இஆர்ஏ அவருடையதுதான். ஆனால் டெனி மெக்லெய்ன் 31 வெற்றி எடுத்ததால் சை யங் விருது அங்கே போனது. பிட்சர்கள் இப்படி மிரட்டியதைப் பார்த்துத்தான் மறுவருஷம் பிட்சர் நிற்கும் மேட்டின் உயரத்தையே 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள்.

அதற்குப் பிறகு தோள்பட்டை எலும்பில் விரிசல். 1971 வசந்தத்தில், அப்போது அவர் இருந்த மினசோட்டா அணி கழற்றிவிட்டது. கீழ்நிலை லீகில் போய் வீசினார். பாஸ்டன் எடுத்துக்கொண்ட முதல் வருஷம் 1 வெற்றி, 7 தோல்வி. கதை முடிந்தது என்று எல்லோரும் எழுதிவிட்ட ஆள், 1972இல் 1.91 இஆர்ஏவோடு மறுபடியும் லீகிலேயே முதலிடம். அடுத்த நான்கு வருஷத்தில் மூன்று முறை இருபது வெற்றிக்கு மேல் அல்லது சரியாக இருபது. பழைய வேகம் போன பிறகு வீசும் முறையையே மாற்றிக்கொண்டார். பேட்டருக்கு முதுகைக் காட்டி முழுசாகத் திரும்புவார், தலை வானத்தைப் பார்க்கும், பிறகு எங்கிருந்தோ கை வரும், அதிலிருந்து எந்தப் பந்து வரும் என்று எவனுக்கும் தெரியாது. தொப்பையும் தொங்கு மீசையுமாக நின்ற அந்த ஆளைப் பார்த்து ஃபென்வே கூட்டம் முழுக்க "லூயி, லூயி" என்று கத்தும்.

பெரிய மேடையில் எப்படி என்று கேட்பார்கள். 1975 உலகத் தொடரைப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் சின்சினாட்டியின் அந்த பயங்கரமான பேட்டிங் வரிசைக்கு 6-0 என்று ஷட்அவுட். அதோடு விட்டாரா? அந்தக் காலத்தில் அமெரிக்கன் லீகில் பிட்சர் பேட் பிடிப்பதே நின்றுபோயிருந்தது. இவர் ஏழாவது இன்னிங்ஸில் ஹிட் அடித்து, ஓடி, ரன் முடிய மிதிக்க வேண்டிய ஹோம் பிளேட்டை மிதிக்காமலே தாண்டிப் போய், ஐயையோ என்று திரும்பி வந்து மிதித்து, ஆட்டத்தின் முதல் ரன்னை எடுத்தார். நான்காவது ஆட்டத்தில் 163 பந்து. ஒன்பதாவது இன்னிங்ஸ், 5-4, இரண்டு பேர் பேஸில். மேனேஜர் வந்து கேட்கிறார், இவர் போகமாட்டேன் என்கிறார். கென் கிரிஃபி அடித்த பந்தை ஃப்ரெட் லின் முதுகு காட்டி ஓடிப் பிடித்தார். அடுத்து ஜோ மோர்கன் மேலே தூக்கி அடிக்க, முதல் பேஸில் யஸ்ட்ரெம்ஸ்கி கையில் பந்து. ஆட்டம் முடிந்தது. இன்றைக்கு நூறு பந்து தாண்டினாலே பிட்சரைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைக்கிறார்கள்.

அவர் அப்பாவும் பிட்சர்தான். நியூயார்க் கியூபன்ஸ் அணிக்காக, கறுப்பின ஆட்டக்காரர்களின் நீக்ரோ லீகில் வீசியவர். தோல் கறுப்பு என்பதால் மேஜர் லீக் வாசலைக்கூட மிதிக்க முடியவில்லை. கியூபாவில் புரட்சிக்குப் பிறகு மகன் ஊர் திரும்ப முடியாமல் போய், பதினான்கு வருஷம் அப்பா முகத்தையே பார்க்கவில்லை. 1975இல் செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன் காஸ்ட்ரோவிடம் பேசிய பிறகுதான் பெற்றோருக்கு வர அனுமதி கிடைத்தது. ஆகஸ்ட் 26 அன்று ஃபென்வேயில் முதல் பந்து வீச அப்பாவை அழைத்தார்கள். கோட்டைக் கழற்றி மகன் கையில் கொடுத்துவிட்டு வீசினார். பந்து தாழ்வாகப் போனது. அதெல்லாம் ஆகாது என்று இன்னொரு பந்து கேட்டு வாங்கி மறுபடி வீசினார் கிழவர். மேஜர் லீகில் வீசிய கியூபாக்காரர்களிலேயே அதிக வெற்றி எடுத்தவர் அவருடைய மகன். அந்த மகனுக்கு ஹால் ஆஃப் ஃபேமில் ஒரு பலகை வைக்க மனசு வரவில்லை.

செத்த பிறகு தருவதாக இருந்தால் எனக்கு வேண்டாம் என்கிற அர்த்தத்தில் டியான்ட் உயிரோடு இருக்கும்போதே பேசியிருக்கிறார். அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. ரான் சான்டோ என்ற ஆட்டக்காரர் 2010 டிசம்பரில் இறந்தார், 2011 டிசம்பரில் தேர்வானார். டிக் ஆலன் 2014இல் ஒரே ஓட்டில் தவறி, 2020இல் இறந்து, 2021இல் மறுபடி ஒரே ஓட்டில் தவறி, 2024இல்தான் தேர்வானார். அதே நாளில் தேர்வான டேவ் பார்க்கர், விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது கண்ணை மூடினார். மாலையை வாய்க்கரிசியோடு சேர்த்துக் கொண்டுவருகிற கூட்டம் இது.

இது போதாதென்று குழுவின் ஓட்டு விதி வேறு. எட்டுப் பெயர் பட்டியலில் இருக்கும், ஒரு உறுப்பினர் அதிகபட்சம் மூன்று பேருக்குத்தான் ஓட்டுப் போடலாம். பதினாறு பேர் ஆளுக்கு மூன்று, ஆக அதிகபட்சம் 48. பார்க்கருக்கு 14, ஆலனுக்கு 13, டாமி ஜானுக்கு 7. (288 வெற்றி எடுத்து, முழங்கை அறுவை சிகிச்சைக்கே தன் பெயரைக் கொடுத்த அவரையும் வெளியேதான் நிறுத்தியிருக்கிறார்கள். அது தனிக் குமுறல்.) மிச்சம் 14 ஓட்டு, ஐந்து பேருக்கு. அதில் 12ஐ டியான்டுக்கே அள்ளிப் போட்டிருந்தால்தான் உள்ளே போயிருப்பார். இது தகுதியைப் பார்க்கிற தேர்தலா, நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற விளையாட்டா?

இந்தக் குழு அவர் காலத்துக்காரர்களுக்காக மறுபடி கூடப்போவது 2027 டிசம்பரில். அதற்குள் அந்த மூன்று ஓட்டு வரம்பைத் தூக்கி எறியுங்கள். தகுதி என்று படுகிற எல்லோருக்கும் ஓட்டுப் போட விடுங்கள். அப்புறம், யார் யாருக்குப் போட்டார்கள் என்பதைப் பெயரோடு வெளியிடுங்கள். டியான்டுக்குக் கை தூக்காத அந்த ஆட்கள் யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.