டோக்கியோ–லாஸ் ஏஞ்சல்ஸ்: டிக்கெட்டில் உள்ள நேரத்தைக் கழித்தால் பயண நேரம் வராது

"டோக்கியோவில் மாலை 5 மணிக்கு ஏறினால் லாஸ் ஏஞ்சல்ஸில் அதே நாள் காலை 10 மணிக்கு இறங்கலாம், திரும்பி வர 29 மணி நேரம், எல்லாம் பூமி சுழல்வதால்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். படிக்கிறவர்கள் நம்பிவிடக் கூடாது.

டிக்கெட்டில் அச்சாவது அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். குளிர்காலத்தில் டோக்கியோ 17 மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே மாலை 5 என்றால் லாஸ் ஏஞ்சல்ஸில் அப்போதுதான் நள்ளிரவு 12. ஆக, பறந்தது 10 மணி நேரம். திரும்பும்போது காலை 11க்குக் கிளம்பி மறுநாள் மாலை 4க்கு இறங்கினால், 29இல் 17ஐக் கழியுங்கள்: 12 மணி நேரம். தூரம் இரு பக்கமும் சுமார் 8,800 கி.மீ.தான்.

மிச்சமுள்ள 2 மணி நேர வித்தியாசத்துக்கும் பூமியின் சுழற்சி நேரடிக் காரணம் இல்லை. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. அது மட்டும் நின்றுகொண்டிருந்தால் மேற்கே, அதாவது டோக்கியோவுக்குப் போகும் விமானம்தான் சீக்கிரம் சேர வேண்டும், நடப்பதோ நேர்மாறு. உண்மையான காரணம் ஜெட் காற்றோட்டம். சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகமான காற்று அது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மிகவும் பலமாக இருக்கும். 1920களிலேயே பலூன் விட்டு இதை அளந்தவர் ஜப்பானிய வானிலை அறிஞர் ஓய்ஷி வசாபுரோ. அறிக்கையை எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் வெளியிட்டதால் அதிகம் பேர் கண்ணில் படவில்லை.

அடுத்த முறை இருக்கைத் திரையில் தரைவேகத்தை (தரையை ஒப்பிட்டு விமானம் நகரும் வேகம்) பாருங்கள். கிழக்கே போகையில் மணிக்கு 1,000 கி.மீ.யைத் தாண்டும், மேற்கே வருகையில் 750க்கும் கீழே இறங்கும்.