புழு என்று நினைத்துக் கொட்டிய மீன்

பங்குனி வெயிலில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனதும் வீட்டுக் கிணற்றைத் தூர் வாரினோம். கோட்டயத்தில் குடியேறி நான்கு வருடம் ஆகிறது, இதுதான் முதல் தடவை. உள்ளே இறங்கியவருக்கு அறுபது வயது இருக்கும். மேலே வந்த ஒவ்வொரு வாளிச் சேற்றையும் வெள்ளை டப்பில் கொட்டி, விரலால் அளைந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டுக்கல் என்னும் செம்பாறைத் துணுக்கு, தலைப்பிரட்டை, ஒரு பழைய சோப்பு டப்பா.

மேலே ஏறி வந்தவர், "எதைத் தேடுகிறாய் மோனே?" என்று கேட்டார். கண் இல்லாத சிவப்பு மீன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. சின்ன வயதில் இரண்டு தடவை பார்த்திருக்கிறாராம். புழு என்று நினைத்து வேலியோரம் கொட்டிவிட்டார்களாம்.

அந்தப் 'புழு'வின் பெயர் ஹோராகிளானிஸ். கெளுத்தி வகை, இந்தப் பெயரின் கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. முழுதாக வளர்ந்தாலும் நம் சுண்டுவிரல் நீளம் வராது. கண் இல்லை. தோலில் நிறமியும் இல்லை, அதனால் உள்ளே ஓடும் ரத்தமே வெளியே சிவப்பாகத் தெரிகிறது. வெட்டுக்கல் பாறைக்குள் நீர் தேங்கும் இடுக்குகளில்தான் வாழ்க்கை முழுவதும். கிணறு தோண்டும்போதோ தூர் வாரும்போதோ தப்பித்தவறி மேலே வந்தால்தான் மனிதர் கண்ணில் படும். 1950ல் முதல் இனத்தை இதே கோட்டயத்துக் கிணற்று மீனை வைத்துத்தான் விவரித்தார்கள். அப்புறம் 2004ல் ஒன்று, 2012ல் ஒன்று. மூன்றாவதற்கு அப்துல் கலாம் பெயரை வைத்தார்கள்.

எனக்குத் தூக்கம் போனது 2023ல் வந்த ஆய்வைப் படித்தபோதுதான். கொச்சியில் உள்ள கேரள மீன்வள, கடல்சார் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் ஆறு வருடம் கிணறு கிணறாக அலைந்து, ஊர்க்காரர்கள் சொன்ன தகவலைப் பிடித்துக்கொண்டு மீன்களைச் சேர்த்திருக்கிறார்கள். மரபணுவைப் படித்துப் பார்த்தால், ஒரு இனத்துக்கும் இன்னொரு இனத்துக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் வேறுபாடு. இனம் காண வழக்கமாகப் பார்க்கும் அந்த மரபணுவில், மற்ற மீன்களுக்கு இரண்டு மூன்று சதவீதம் வந்தாலே வேறு இனமோ என்று சந்தேகப்படுவார்கள். ஒரே இனத்துக்குள்ளேயும் வேறுபாடு நிறைய. ஆனால் வெளித்தோற்றத்தில்? பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் எது எதுவென்று சொல்வது கஷ்டம்.

அந்த ஆய்வில்தான் நான்காவது இனமும் கிடைத்தது. மற்ற மூன்றும் ஒரே வீடு என்றால், இது எல்லோருக்கும் முன்னால் பாகம் பிரித்துக்கொண்டு போன பங்காளி வீடு. அதற்கு 'போபுலி' என்று பெயர். மக்கள் என்று பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து எடுத்தது. தகவல் சொன்ன, மீனைப் பத்திரமாக எடுத்துக் கொடுத்த சாதாரண ஜனங்களுக்கு வைத்த பெயர். இதைவிட நியாயமான பெயரை நான் கேள்விப்பட்டதில்லை.

நிலத்தடி விரால் ஒன்றின் கதையும் உண்டு. 2018 வெள்ளத்துக்குப் பிறகு மலப்புறம் வயல் ஒன்றில் கிடைத்த விசித்திர மீனின் படம் சமூக வலைத்தளத்தில் வர, ஆய்வாளர்கள் கண்ணில் பட்டது. அதுவும் நிலத்தடி மீன்தான். அடுத்த வருடமே அது புது இனம், புதுப் பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) என்று அறிவித்தார்கள். 2020ல் அதற்கென்று தனிக் குடும்பமே வகுக்க வேண்டியதாயிற்று. மற்ற விரால்களிலிருந்து அது பிரிந்தது 3.4 கோடி முதல் 10.9 கோடி வருடங்களுக்கு முன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனை பழைய கிளை நாம் குளிக்கும் தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்திருக்கிறது.

இதனால்தான், "மீன்தானே, ஓரிடத்தில் போனால் இன்னொரு இடத்தில் இருக்கும்" என்று யாராவது சொன்னால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இன்னொரு இடத்தில் இருப்பது பார்க்க மட்டும்தான் அதே மீன். கண்ணும் நிறமும் தேவைப்படாத இருட்டில் உருவம் அப்படியே நின்றுவிட்டது. உள்ளே மரபணு தன் வழியில் மாறிக்கொண்டே போயிருக்கிறது. ஒரு மலையடிவாரத்து நீர்த்தேக்கத்தை வெட்டுக்கல் குவாரியோ கண்டபடி போடும் போர்வெல்லோ காலி செய்தால், பட்டியலில் இனத்தின் பெயர் அப்படியே இருக்கும், ஒரு கிளை மட்டும் சத்தமில்லாமல் போயிருக்கும். உள்நாட்டு மீன்களைக் காப்பதென்றால் பெயர்களை எண்ணினால் போதாது, ஒவ்வொரு நீர்ப்பகுதியின் மரபு வழியையும் எண்ண வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கிணறு உள்ளவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ப்ளீச்சிங் பவுடர் போடுவதற்கு முன் இறைத்த தண்ணீரையும் சேற்றையும் ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் கொட்டிப் பாருங்கள். சிவப்பாக ஏதாவது நெளிந்தால் அதே கிணற்றுத் தண்ணீரில், நிழலில், மூடி வையுங்கள். படம் எடுத்துப் பக்கத்து மீன்வளக் கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ சொல்லுங்கள். பாவம் பார்த்து வேறு கிணற்றில் மட்டும் விட்டுவிடாதீர்கள், அங்கே இருப்பது வேறு மரபு வழியாக இருக்கலாம்.

எங்கள் கிணற்றில் அன்று மீன் வரவில்லை. கூலி வாங்கிக்கொண்டு கிளம்பியவர் படியில் நின்று, அடுத்த வாரம் இரண்டு வீட்டில் வேலை இருப்பதாகச் சொன்னார். அந்த வெள்ளை டப்பைக் கொடுத்தனுப்பினேன்.