காரணத்தை எழுதிக் கொடுங்கள்

இரண்டு நாள்களாக எல்லோரும் பகிர்ந்துவரும் அந்தக் காணொளியை நானும் பார்த்தேன். சிறு தொழில் செய்பவர்களுக்கு நிதி ஒழுக்கம் கிடையாது, அதனால்தான் வங்கிகள் கடன் தரத் தயங்குகின்றன என்று அந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி சொன்னதும் அரங்கமே கைதட்டுகிறது. அவருடைய பேச்சைவிட அந்தக் கைதட்டல்தான் எனக்கு வலித்தது. கணக்கு எழுதாதவர்களும் வாங்கிய கடனைக் கட்டாதவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கடன் கிடைக்காததற்கு முதல் காரணம் அதுவல்ல. எங்களிடம் இருக்கும் சொத்தை வங்கி சொத்தாகவே மதிப்பதில்லை என்பதுதான் முதல் காரணம்.

வளரும் நாடுகளில் ஒரு தொழில் நிறுவனத்தின் மூலதனத்தில் பொதுவாக 78 விழுக்காடு இயந்திரம், சரக்கு, வரவேண்டிய பாக்கி ஆகியவற்றில்தான் இருக்கிறது, நிலமும் கட்டடமும் 22 விழுக்காடுதான் என்கிறது உலக வங்கியின் கணக்கு. வங்கி ஈடாகக் கேட்பதோ அந்த 22-ஐத்தான். இந்த நாடுகளின் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்குக் கிடைக்காமல் போகும் கடன் 5.2 லட்சம் கோடி டாலர் என்று உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த பன்னாட்டு நிதிக் கழகம் 2017-ல் மதிப்பிட்டது. இத்தனை நாடுகளில் இத்தனை கோடிப் பேருக்கும் ஒரே நேரத்தில் ஒழுக்கம் கெட்டுவிட்டதா?

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். தொழிலின் அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனக் கடன் கேட்டுப் போனபோது, பெரிய நிறுவனம் ஒன்று கொடுத்த கொள்முதல் ஆணை, அனுப்பிய சரக்குக்கான பில்கள், வரி கட்டிய ரசீதுகள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி ஒரு கோப்பாகக் கொடுத்தேன். மேலாளர் மேலே இருந்த ஓரிரு தாள்களைப் புரட்டினார், கோப்பை மூடி மேசை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, "வீட்டுப் பத்திரம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். வாடகை வீடு என்றேன். அதோடு பேச்சு முடிந்துவிட்டது. பிறகு நானே போய்க் கேட்டபோது, மேலிடத்தில் ஒப்புதல் ஆகவில்லை என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார்கள். கணக்கில் குறையா, தொழில்மீது நம்பிக்கை இல்லையா, அந்தத் தாள்களை யாராவது படித்தார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

வங்கியில் இருப்பது பொதுமக்களின் வைப்புப் பணம், அதை ஈடில்லாமல் எடுத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பொருளியல் அறிஞர்கள் ஸ்டிக்லிட்ஸும் வைஸும் 1981-லேயே இதை விளக்கியிருக்கிறார்கள்: வட்டியை உயர்த்தினால் கவனமாகத் தொழில் செய்பவர் விலகிக்கொள்வார், பெரிய ஆபத்துக்குத் துணிந்தவரே மிஞ்சுவார், ஆகவே வங்கி வட்டியை உயர்த்துவதற்குப் பதிலாகக் கடனையே மறுத்துவிடும். அதாவது, ஒழுங்காகத் திருப்பிக் கட்டக்கூடியவருக்கும் கதவு மூடப்படுகிறது. அது கடன் கேட்டவரின் குணக்கேடு அல்ல, அவரைப் பற்றிய தகவல் வங்கியிடம் இல்லாத குறை. தகவலைக் கோப்பாகக் கொண்டுபோய் வைத்தால் அதைப் படிப்பதில்லை என்பதுதான் என் வருத்தம். மேலும், 2008-ல் உலகின் பெரிய வங்கிகளைச் சாய்த்தது சிறு தொழில் கடனா? அமெரிக்க வீட்டு அடமானக் கடன்களும் அவற்றின்மேல் கட்டிய பத்திரங்களும்தானே! அப்போது எந்த மேடையில் யாருடைய ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார்கள்?

வளர்ந்த நாடுகளில் இந்தச் சிக்கலே இல்லை என்பவர்களுக்கு: பிரிட்டனில் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு நிதி எட்டாத இடைவெளியை மேக்மில்லன் குழு 1931-லேயே சுட்டிக்காட்டியது. அமெரிக்கா 1953-ல் சிறுதொழிலுக்கென்று தனி நிர்வாக அமைப்பை உருவாக்கியது. இன்று அதன் முதன்மைத் திட்டத்தில் 1,50,000 டாலர் வரையான கடனுக்கு 85 விழுக்காடு வரை அரசு உத்தரவாதம் தருகிறது. அங்கே கடன் கிடைப்பது மக்கள் நம்மைவிட ஒழுக்கமானவர்கள் என்பதால் அல்ல. ஆபத்தை அரசும் சேர்ந்து சுமப்பதால் கிடைக்கிறது. வளரும் நாடுகளாலும் முடியும். மெக்சிகோவின் அரசு வளர்ச்சி வங்கியான நாஃபின் 2001-ல் தொடங்கிய திட்டத்தில், பெரிய நிறுவனத்துக்குச் சரக்கு கொடுத்த சிறு நிறுவனம் அந்த பில்லை மின்னணு முறையில் விற்று உடனே பணம் பெறலாம். கடன் கொடுப்பவர் பார்ப்பது சரக்கை வாங்கிய பெரிய நிறுவனத்தின் நம்பகத்தன்மையை. கானா 2010-ல் ஈடுகளுக்கான பதிவகத்தைத் தொடங்கி, இயந்திரத்தையும் சரக்கையும் பதிவுசெய்து கடன் பெற வழிசெய்தது. நான் கொண்டுபோன கோப்பில் இருந்தவையும் மெக்சிகோவில் விற்கக்கூடியவை போன்ற பில்கள்தான்.

எல்லோருக்கும் கடன் கொடுத்தே ஆகவேண்டும் என்று நான் கேட்கவில்லை. மறுக்கும் உரிமை வங்கிக்கு உண்டு. ஆனால் அமெரிக்காவின் சமவாய்ப்புக் கடன் சட்டப்படி, முழுமையான விண்ணப்பம் கொடுத்த சிறு நிறுவனத்துக்கு 30 நாள்களுக்குள் முடிவைச் சொல்லவேண்டும். மறுத்தால், காரணத்தைப் பெறவும் அதற்கு உரிமை உண்டு. பிரிட்டனில் 2016 முதல், கடனை மறுக்கும் பெரிய வங்கிகள், விண்ணப்பித்தவர் சம்மதித்தால் அவரது விவரங்களை வேறு நிதி வழிகளைக் காட்டும் தளங்களுக்கு அனுப்பவேண்டும். எனக்கு அவ்வளவுகூட வேண்டாம். என் பில்களை ஏற்க முடியாது என்றால் எந்த பில், ஏன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். குறையைச் சரிசெய்துகொண்டு திரும்ப வருவதா, வேறு வங்கிக்குப் போவதா என்பதை நான் முடிவுசெய்துகொள்கிறேன்.