டு-லெட் பலகை

திருப்பதியில் 1954 முதல் பல்கலைக்கழகம் இருக்கிறது. இத்தனை வருடமாக மாணவர்களைப் பார்த்த ஊர்தான். ஆனாலும் "பேச்சிலர்" என்றால் வீட்டுக்காரர்கள் முகம் சுருங்கிவிடுகிறது. விடுதியில் இடமில்லாமல் மூன்று வாரமாக அலைகிறேன். என் தெலுங்கைக் கேட்ட ஒருவர் சிரித்துக்கொண்டே தமிழுக்கு மாறினார். "திருத்தணியா, நம்ம பக்கம்தான்!" காபிகூட வந்தது. அறை மட்டும் வரவில்லை. "புரட்டாசி வருது தம்பி. பிரம்மோற்சவத்துக்கு வர்றவங்களுக்கு நாள் வாடகைக்கு விட்டா, ஒரே வாரத்துல உன் மாச வாடகை வந்துடும்."

கணக்கு சரிதான். அப்புறம் எதற்கு அந்த டு-லெட் பலகை?

இன்னொரு வீட்டில் முட்டை கூடாதாம், ஒன்பதரைக்கு கேட் பூட்டாம், மூன்று மாத அட்வான்ஸாம். அதற்கும் எனக்கு முன்னால் நாலு பேர். இந்த ஊரில் எதற்குத்தான் வரிசை இல்லை! அறை கிடைக்கும்வரை தினமும் திருத்தணியிலிருந்து புத்தூர், ரேணிகுண்டா வழியாக ரயிலில் நின்றுகொண்டே வருகிறேன்.